அரிசி டிரம்மில் போட்ட லைட்டு

நாஷ்டா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு ரத்னா பின்தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்து டேப் ஒட்ட ஆரம்பித்தாள். கட்டைவிரல் பருமனில் இருந்த பேட்டரி செல்களை ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, தலைக்கு ஒரு துண்டு, காலுக்கு ஒரு துண்டு என்று ஒட்டி, மணல் பரப்பிய மீன் பெட்டியில் படுக்க வைத்தாள். ஒன்றின் முனை இன்னொன்றின் மேல் பட்டால் சூடு பிடித்துக்கொள்ளும் என்று அவள் வீட்டுக்காரன் ராஜவேலு எப்போதோ சொல்லியிருந்தான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. ஒட்டுவது அன்றிலிருந்து அவள் வேலை. வெயில் காம்பவுண்டைத் தாண்டி ஏறுவதற்குள் பெட்டியைக் குளியலறைச் சுவர் நிழலுக்கு இழுத்துப் போடுவதும் அவள் வேலைதான்.

அன்றைக்கு இழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் கடை ஆட்டோ வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. பெட்டி போனால்தான் மருமகள் வருவாள். மருமகள் வந்தால்தான் பேத்தி வருவாள். ரத்னாவுக்கு அந்தக் காலையில் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

ராஜவேலு கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான். அதற்கு முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது காண்ட்ராக்ட் ஆட்களை யாரும் கூடக் கூப்பிடவில்லை. ஸ்கூட்டர் கடையில் செத்துப்போன பேட்டரி என்று கழற்றி மூலையில் போடுவதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பான். உள்ளே இருக்கும் செல்களில் பாதிக்கு உயிர் இருக்கும். அந்தப் பாதியைச் சேர்த்துக் கட்டி, தலையில் மாட்டிக்கொள்ளும் லைட்டு செய்வான். பழவேற்காடு ஏரியில் இருட்டோடு வலைக்குப் போகிற அவர்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் அந்த லைட்டுகள். அவர்கள் எறாவும் நண்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டில் மீன் வாங்கி வருஷக்கணக்காகிறது.

உயிரில்லாத பாதிதான் மீன் பெட்டியில் சேர்ந்தது. கூடவே தெருவில் இருக்கிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த போன் பேட்டரிகள், பவர் பேங்குகள். சிலது இட்லி மாதிரி உப்பியிருக்கும். வேண்டாம் என்று ரத்னாவுக்குச் சொல்ல வராது.

அது அவள் பிறவிக்குணம். ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, தம்பி ஏழுமலையை இடுப்பில் தூக்கிக்கொண்டே எறா பொறுக்கி வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஒரு கம்பெனி கேண்டீனில் பரிமாறும் வேலைக்குப் போனாள். காண்ட்ராக்ட் பையன்கள் இன்னொரு கரண்டி கேட்டால் கொடுத்துவிடுவாள். சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்தான். அவன் சாப்பிட வந்தபோது அவனுக்கும் ஒரு கரண்டி கூடப் போட்டாள். இப்போதும் பக்கத்து வீட்டுச் சாவி, எதிர்வீட்டு இன்சுலின், யாருடைய சீட்டுப் பணமோ, எல்லாம் இவள் வீட்டில்தான் இருக்கும்.

மகன் பாஸ்கர் சிப்காட்டிலேயே ஷிஃப்டில் இருக்கிறான். அவன் மனைவி தேவதர்ஷினி திருநின்றவூர்ப் பெண். மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். போவதற்குச் சில நாள் முன்னால் பெட்டியில் கிடந்த உப்பிய போன் பேட்டரி ஒன்று உஸ்ஸென்று சீறி, கொஞ்ச நேரம் புகைந்து அடங்கியது. ராஜவேலு அதைக் குச்சியால் தள்ளி மணலைப் போட்டுவிட்டு, ‘பெருமூச்சு உடுது பாரு’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினி வயிற்றில் கை வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றவள், சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் கூட்டிவருவதென்று பேச்சு. நாள் பார்க்கும்போது தர்ஷினியே போன் செய்தாள். பாஸ்கரிடம் சொன்னால் அவன் பாதி சொல்லுவான், பாதி முழுங்குவான் என்று அவளுக்குத் தெரியும்.

“அந்தப் பெட்டி வீட்ல இருக்கிற வரைக்கும் நான் குழந்தையத் தூக்கிட்டு வரமாட்டேன் அத்தை. கோவப்படாதீங்க. ஆனா வரமாட்டேன்.”

ரத்னாவுக்குக் கோபம் வரவில்லை. ராஜவேலுவுக்கு வந்தது. “பொட்டியப் பார்த்து பயப்படுது. போனை மட்டும் தலமாட்ல வெச்சிக்கினு தூங்குது” என்றான். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் மறுநாளே பெட்டிக்கு வழி தேட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் குப்பை எடுக்க வருகிற முத்தம்மாவைக் கேட்டாள். முத்தம்மா வண்டியை நிறுத்தாமலே கையெடுத்துக் கும்பிட்டாள். யாரோ குப்பையில் போட்ட பவர் பேங்கு போன மாதம் அவள் வண்டியிலேயே புகைந்ததாம். “வண்டியே பேட்டரி வண்டி. கீழயும் பேட்டரி, மேலயும் பேட்டரி, நடுவுல நானு. வேணாம் தாயே” என்று போய்விட்டாள்.

பழைய இரும்புக்காரன் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையும் தருவதாகச் சொன்னான். என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, சுத்தியால் உடைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏரிக்கரையில் கொளுத்துவேன் என்றான். அன்னக்கூடை நல்ல கூடைதான். ரத்னா பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சிப்காட்டுக்குள்ளேயே இந்தப் பேட்டரிகளைப் பிரித்து உலோகம் எடுக்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அவள் பிடுங்கல் தாங்காமல் ராஜவேலு அதன் கேட்டுக்குப் போனான். கம்பெனிகளிடமிருந்து லாரியில் பேப்பரோடு வந்தால்தான் எடுப்போம், ஒரு வீட்டுப் பெட்டிக்கெல்லாம் கேட்டைத் திறக்க முடியாது என்று செக்யூரிட்டி சொல்லி அனுப்பினான். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் அந்தக் கம்பெனியின் புகைபோக்கி இருந்தது.

கடைசியில் ரத்னாவே ஸ்கூட்டர் கடை முதலாளி ஜோஷ்வாவிடம் போய் நின்றாள். பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக ஸ்கூட்டர் கம்பெனி வேன் மாதம் ஒருமுறை அவர் கடைக்கு வரும். அதில் இதையும் ஏற்றிவிடச் சொன்னாள். ஜோஷ்வா முதலில் ராஜவேலுவைத்தான் பிடித்தார். தனக்குத் தெரியாமல் பேட்டரி வீட்டுக்குப் போனதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அரைமணி நேரம் திட்டிவிட்டு, எல்லாம் டேப் ஒட்டி, உப்பியதைத் தனியாக மணலில் வைத்து வந்தால் ஏற்றிக்கொள்வதாகவும், இனிமேல் ஒரு செல்கூடக் கடையை விட்டு வெளியே போகக் கூடாதென்றும் சொன்னார். ராஜவேலு தலையை ஆட்டினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரத்னாவை விட்டு நாலடி முன்னால் நடந்தான்.

டேப் ஒட்டிய அன்று மத்தியானமே ஆட்டோ வந்தது. பெட்டி போன இடத்தில் தரை வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது. ரத்னா அதை இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டுத் தர்ஷினிக்குப் போன் செய்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருந்தது. அன்றைக்கு வருவதாகத் தர்ஷினி சொன்னாள். நடு அறையில் கட்டிலை நகர்த்தி, பீரோவைத் துடைத்து, தூளிக்குக் கொக்கி மாட்டியாயிற்று. ராஜவேலு மட்டும் சாயங்காலம் வந்து பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாதவனைப் போல முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போன பிறகு ஏழுமலை வந்தான். ஒரு கையில் எறாப் பை. இன்னொரு கையில் தலை லைட்டு. படகு சாய்ந்தபோது ஏரியில் விழுந்துவிட்டதாம். துழாவி எடுத்தானாம். எரியவில்லை.

“மாமாகிட்ட காட்டுக்கா. வெள்ளிக்கிழம வுட்டு சனிக்கிழம வலைக்குப் போவணும்.”

“ஊட்ல பேட்டரியே வெக்கறதில்லன்னு ஆய்டுச்சுடா.”

“இது எங்க பேட்டரிக்கா? லைட்டுதானே?”

ரத்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வேண்டாம் என்று சொல்வது இன்னும் கஷ்டம். கடையில் புதிது வாங்கச் சொல்லலாம். புதிது உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் தாங்காதென்று அவளுக்கே தெரியும். ராஜவேலுவை விட்டால் ஏழுமலைக்கு லைட்டு கட்டிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது. வாங்கிக்கொண்டாள். அவன் டீ குடித்துவிட்டுப் போனான்.

லைட்டை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் சளசளத்தது. முதலில் காயவேண்டும். காய வைக்க அவளுக்கு ஓர் இடம் உண்டு.

அவள் வீட்டு அரிசி டிரம்முக்குத் தெருவிலேயே பேர். பொன்னேரிப் பக்கத்திலிருந்து மொத்தமாக வாங்கிப் போடுகிற பழைய அரிசி, நீல பிளாஸ்டிக் டிரம்மில் கழுத்து வரை இருக்கும். அதற்குள் சப்போட்டா பழுக்கும். முட்டை புதைந்து கிடக்கும். பாஸ்கரின் போன் ஒருமுறை தண்ணீர் வாளியில் விழுந்து செத்துப்போனபோது ரத்னா அதை இரண்டு நாள் அரிசிக்குள் வைத்துப் பிழைக்க வைத்தாள். அதிலிருந்து தெருவில் யார் போன் நனைந்தாலும், ‘ரத்னாக்கா ஊட்டு டிரம்முல போடு’ என்பார்கள். பிழைத்த போன்களை எல்லோருக்கும் நினைவிருந்தது. பிழைக்காததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

லைட்டைத் துண்டில் துடைத்து, முழங்கை வரை அரிசிக்குள் விட்டுப் புதைத்து, மூடியைப் போட்டாள். டிரம் நடு அறையில், கட்டிலை நகர்த்திய மூலையில் இருந்தது. ராஜவேலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் குத்திக் காட்டுவான். காய்ந்த பிறகு கையில் கொடுத்து, கடையிலேயே வைத்துப் பாரென்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். எறாத் தொக்கு. இரண்டாம் சோறு போட்டுக்கொள்ளும்போது கையை நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்து வைத்தது போல, இனிப்பாக, தொண்டையைப் பிடிக்கிற ஒரு வாசனை.

“எங்கியோ பேட்டரி செல்லு போவுது” என்றான். எழுந்து பின்தாழ்வாரத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ரத்னா கழுவிவிட்ட தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரத்னா அதற்குள் நடு அறைக்குப் போயிருந்தாள். டிரம் மூடியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறக்கக் கையை நீட்டியவளைப் பின்னால் வந்த ராஜவேலு புடவையைப் பிடித்து இழுத்தான்.

“தொடாத. இன்னா வெச்ச உள்ள?”

“ஏழுமல லைட்டு.”

அவன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு டிரம்மை விளிம்பைப் பிடித்துச் சாய்த்து, கீழ்ப்பக்கத்தை உருட்டிக்கொண்டே நிலைப்படி தாண்டி முற்றத்துக்குக் கொண்டுபோனான். அரிசியோடு அது ஓர் ஆள் கனம். படியிலிருந்து எட்டி உதைத்தான். மூடி தெறித்து, அரிசி வெள்ளமாகக் கொட்ட, நடுவில் லைட்டு நெருப்பைத் துப்பிக்கொண்டு உருண்டது. டிரம்மின் ஒரு பக்கம் உருகித் தொங்கியது. மண்வெட்டியால் அதை வீட்டை விட்டுத் தள்ளிக்கொண்டே, காற்றுக்கு இந்தப் பக்கம் வா, புகையை மூச்சில் இழுக்காதே என்று கத்தினான். பிறகு இரண்டு பேரும் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தீ நின்ற பிறகும் ஊற்றச் சொன்னான். வெளியே அணைந்தாலும் உள்ளே சூடு உட்கார்ந்திருக்கும், திரும்ப எந்நேரமும் பிடிக்கும் என்றான். தெருவே வந்து காம்பவுண்டுக்கு வெளியே நின்றது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அரிசியைப் பார்த்து ஓடிவந்தன. கரியும் மருந்து வாசனையும் ஏறிய அரிசி. கோழிக்கும் ஆகாது. ரத்னா ஒரு கையில் வாளியும் ஒரு கையில் துடைப்பமுமாக அவற்றை விரட்டினாள்.

எல்லாம் அடங்கியதும் உள்ளே வந்து பார்த்தார்கள். டிரம் இருந்த மூலையில் பழுப்பாக ஒரு தடம் சுவர்மேல் ஏறியிருந்தது. கட்டிலின் மெத்தை உறையில் அந்த வாசனை.

ராஜவேலு குத்திக் காட்டாமல் விடவில்லை. “எம் பொட்டிய அனுப்பிட்ட. ஒன் டிரம்ம யாரு அனுப்பறது?” என்றான். ரத்னா மெத்தை உறையைக் கழற்ற ஆரம்பித்தாள். அவன் அதற்கு மேல் இழுக்கவில்லை. உப்புத்தண்ணி உள்ளே போனால் அரிசியால் என்ன செய்ய முடியும், அது உள்ளேயே அரித்து ஒன்றோடொன்று சேர்த்துவிடும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசலிலேயே மண்ணில் வைத்திருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னான். மறுநாள் காலை அந்தக் கரிக்கட்டையை மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் வைத்து, ஸ்கூட்டரின் கால்வைக்கிற இடத்தில்கூட வைக்காமல், கையில் தூக்கிக்கொண்டு கடை வரை நடந்தே போனான்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஷிஃப்ட் முடிந்து வந்த பாஸ்கர் சுவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். சனிக்கிழமைக்குள் சுண்ணாம்பு அடித்துவிடலாம், தர்ஷினியிடம் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். “அவ மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாம்மா, பேஜாரு” என்றான் பாஸ்கர். சுண்ணாம்பு அடித்தார்கள். வாசனை போக ரத்னா சாம்பிராணி போட்டாள். தெருவில் அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், எப்படியும் நாலு நாளில் அவள் காதுக்குப் போகும் என்றாள். போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேராகப் போகக் கூடாதென்று ராஜவேலு வீட்டிலேயே நின்றுகொண்டான். அதில் அவனுக்கு நிம்மதிதான். ரத்னாவும் பாஸ்கரும் ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், இறங்கி மாறி, திருநின்றவூர் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பிவரக் கார் பேசியிருந்தது. சம்பந்தி ஈஸ்வரி வடையும் பாயசமும் செய்து வைத்திருந்தாள். கூடத்தில் பைகள் கட்டித் தயாராக இருந்தன. தர்ஷினி குழந்தையை அத்தை மடியில் போட்டாள். குழந்தை ரத்னாவின் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஈஸ்வரி ஆரத்திக்கு மஞ்சள் கரைக்கப் போனாள்.

ரத்னா குழந்தையைத் திரும்பத் தர்ஷினியிடம் கொடுத்தாள்.

“கெளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் தர்ஷினி.”

பாஸ்கர் போனிலிருந்து தலையைத் தூக்கினான். ரத்னா அவனைப் பார்க்காமல் சொன்னாள். ஏழுமலை வந்தது, லைட்டை வாங்கிக்கொண்டது, அரிசியில் புதைத்தது, மாமாவுக்குச் சொல்லாமல் விட்டது, புகை, முற்றம், சுண்ணாம்பு. விட்டுவிட்டுச் சொன்னாலும் எதையும் விடவில்லை. ஈஸ்வரி மஞ்சள் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“எந்த ரூம்ல அத்தை?”

“தூளி மாட்டற ரூமு.”

“இப்ப ஒண்ணும் இல்லடி. டிரம்மையே தூக்கிப் போட்டாச்சு” என்றான் பாஸ்கர்.

“நான் உன்னக் கேக்கல.” தர்ஷினி குழந்தையின் வாயைத் துடைத்தாள். “கை எதும் சுட்டுக்கிட்டீங்களா?”

“இல்லம்மா. ஒங்க மாமா புட்ச்சி இழுத்துட்டாரு.”

தர்ஷினி தலையாட்டினாள். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. இத்தனை மாதமும் மாமாவின் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், அது போனால் போதுமென்று இருந்ததாகவும் சொன்னாள். பிறகு ரத்னாவை நேராகப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் உங்க தம்பி இன்னொரு லைட்ட எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பாரு. எறாப் பையோட. வேணாம்டா, எடுத்துட்டுப் போன்னு சொல்வீங்களா அத்தை?”

சொல்வேன் என்பது ஒரு சின்ன வார்த்தை. ரத்னா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஏழுமலை வெறுங்கையோடு படகுக்குத் திரும்பிப் போவது தெரிந்தது. அவனை அப்படி அனுப்புகிற தன்னை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கீழே காரின் ஹாரன் ஒருமுறை கேட்டது. ஈஸ்வரி ஆரத்தித் தட்டை மேசைமேல் வைத்தாள்.

தர்ஷினி நின்று காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்து, கூடத்தில் கட்டி வைத்திருந்த குழந்தையின் பையை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு திரும்ப உள் அறைக்குப் போனாள்.